திரைக்குப் பின்னாலிருந்து

சினிமா கொட்டகை என்றால் வெளிச்சம் நம் தலைக்கு மேலாக வரவேண்டும். திரும்பிப் பார்த்தால் பின்சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை. பிராட்டில் தியேட்டரில் அது இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கொட்டகையில் புரொஜக்டர் திரைக்குப் பின்னால் இருக்கிறது. சினிமாவுக்காகக் கட்டிய இடமல்ல இது. 1890-ல் கூட்டங்களுக்கும் நாடகங்களுக்குமாகக் கட்டிய ஹால். 1942-ல் பால் ராப்சன் ஒத்தெல்லோவாக நின்ற மேடை.

1953-ல் பிரையன்ட் ஹாலிடே, சைரஸ் ஹார்வி என்று இரண்டு பேர் இதை சினிமா தியேட்டராக்கினார்கள். வெளிநாட்டுப் படங்கள், பழைய படங்கள் என்று துணிந்து போட்டார்கள். 1956-ல் 'ஜானஸ் பிலிம்ஸ்' ஆரம்பித்தார்கள். பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை', த்ரூஃபோவின் 'ஜூல் அண்ட் ஜிம்' எல்லாம் அமெரிக்காவுக்குப் போனது ஜானஸ் வழியாகத்தான்.

ஆனால் பிராட்டிலுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பெர்க்மன் இல்லை, ஹம்ஃப்ரி போகார்ட். 1957-ல் அவர் இறந்த பிறகு, பரீட்சை சமயங்களில் அவர் படங்களை வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள். 'காசாபிளாங்கா'வுக்கு மாணவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். வசனம் மனப்பாடம். போகார்ட் வாய் திறப்பதற்குள் அரங்கமே சொல்லிவிடும்.

இது ரசனையா, பஜனையா?

எனக்குச் சந்தேகம் உண்டு. போகார்டின் நடிப்பே பாதியை விழுங்கிவிட்டுப் பேசுவதில் இருக்கிறது. இருநூறு பேர் கோரஸ் பாடினால் அந்த விழுங்கல் எங்கே கேட்கும்? காதலியை விமானம் ஏற்றிவிட்டு நிற்கிறவனின் வேதனை, கைதட்டலில் கரைந்துபோகாதா? பக்தி, படத்துக்கு நியாயம் செய்வதில்லை.

ஆனாலும் முழுசாகக் குறை சொல்ல மனசு வரவில்லை. அந்த பக்தி இல்லாவிட்டால், 1942-ல் வந்த அந்தப் படம் டெலிவிஷனில் விளம்பரங்களுக்கு நடுவே வெட்டுப்பட்டுக் கிடந்திருக்கும். தவிர, போகார்டுக்காக வந்தவன் வாசலில் பெர்க்மன் போஸ்டரையும் பார்த்தான். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை வைப்பது என்று தீர்மானிப்பதே ஒரு விமரிசனம்தான். கட்டுரை எழுதாமல் செய்கிற விமரிசனம்.

வேடிக்கை என்னவென்றால், ஜானஸ் பின்னால் கைமாறி, அதன் படங்களே 'கிரைட்டீரியன்' டிஸ்க்குகளுக்கு அஸ்திவாரமாயின. வீட்டில் உட்கார்ந்து குரோசவா பார்க்கிறவரின் அலமாரி, ஒரு விதத்தில் இந்தக் கொட்டகையின் பேரப்பிள்ளை. அந்தப் பேரப்பிள்ளைதான் தாத்தாவின் வசூலுக்கும் போட்டி! 2001-லிருந்து லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று, நன்கொடையிலும் சந்தாவிலும் பிராட்டிலை நடத்துகிறது.

எல்லாப் படமும் செல்போனுக்குள் வந்துவிட்ட பிறகு, இருநூற்றுச் சொச்சம் நாற்காலி எதற்கு? பதில் சுலபம். நமக்கு ஏற்கெனவே பிடித்ததைப் போலவே இன்னொன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறது மெஷின். கொட்டகைக்காரரோ தனக்குப் பிடித்ததைப் போடுகிறார். பிடித்தால் பார், இல்லாவிட்டால் எழுந்து போ என்கிறார். எழுந்து போகிறவர் வாசலில் நின்று அவரோடு சண்டையும் போடலாம்.

மெஷினோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?