அழுத்தம் கூடிய தோட்டா: ஆதாயம் எவ்வளவு?

வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது அதனுள்ளே, வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம்தான் மிகுந்திருக்கிறது. அதற்கே நாம் சற்றுத் தள்ளி நிற்கிறோம்! பழைய .303 ரைபிள் தோட்டாவில் இது சுமார் 3,450 கிலோ. அமெரிக்க இராணுவம் 2022-இல் தேர்ந்தெடுத்த 6.8 மி.மீ. ரைபிள் தோட்டாவின் வணிக வடிவம் .277 பியூரி. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமோ சுமார் 5,600 கிலோ. இதைப் பெரும் புரட்சி என்கிறார்கள். அது சரிதானா?

சுட்ட காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் தாமே நிரப்பி மீண்டும் சுடுவோர் மேனாடுகளில் ஏராளம். அவர்களில் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது காலிக் கூட்டைத்தான். மருந்து எரியும்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச்சுவரில் ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிக் கழன்றுவிடுகிறது. அழுத்தம் மிகுந்தால் பித்தளை மீள்வதில்லை. போல்ட் இறுகும், கூட்டின் அடியிலுள்ள கேப்பு தட்டையாகும், அடிப்பாகம் அகலும். கூட்டின் உள்விட்டம் 1 செ.மீ. என்று கொண்டால், 5,600 கிலோ அழுத்தத்தில் அதன் அடிப்பாகம் தாங்க வேண்டிய விசை 4 டன்னுக்கு மேல். பித்தளைக்கு இது மிஞ்சிய சுமை. ஆகவேதான் பியூரியின் முழு அழுத்தத் தோட்டாவுக்கு எஃகினால் அடிப்பாகம் வைத்தார்கள். இந்தப் பொறியியல் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கிடைத்தது என்ன? 16 அங்குலக் குழலில் நொடிக்கு ஏறத்தாழ 3,000 அடி வேகம். அதே விட்டமுள்ள குண்டை .270 வின்செஸ்டர் தோட்டா 1925-லிருந்தே இந்த வேகத்தில் செலுத்தி வருகிறது. அதன் உச்ச அழுத்தம் சுமார் 4,570 கிலோதான். கூடும் முழுப் பித்தளை. குழல் மட்டும் 24 அங்குலம், கூடும் சற்று நீளம். எனவே, கூடுதலான ஆயிரம் கிலோ அழுத்தத்தால் கைவந்தவை குட்டையான குழலும் குட்டையான தோட்டாவும்தான். கவச வாகனத்திலிருந்து இறங்கும் சிப்பாய்க்கு அது பெரிய வசதி. மற்றவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பது எனக்கு விளங்கவில்லை.

மதுரைச் சமவெளியில் இன்னொரு கணக்கும் உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியை எட்டும்; வெயிலில் நிறுத்திய ஜீப்புக்குள் அதற்கும் மேல். மருந்து சூடேற ஏற விரைந்து எரியும், அழுத்தமும் உயரும். கார்டைட் மருந்துக்கு இக்குணம் அதிகம். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் மனத்தில் கொண்டு நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்களைச் செய்த பிரிட்டிஷார், பெரிய கூட்டில் குறைந்த அழுத்தமே வைத்தனர். வெயிலில் அழுத்தம் ஏறினாலும் கூடு சிக்காமல் கழன்றது. இன்றைய மருந்துகள் வெப்பத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை என்பது உண்மை. ஆயினும் உச்ச வரம்பை ஒட்டியே நிரப்பிய தோட்டாவுக்குச் சித்திரை வெயிலைத் தாங்க மிச்ச இடம் ஏது?

கூட்டை மட்டும் வலுப்படுத்தினால் போதாது. 1960-களில் ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, பழைய .303 ரைபிளின் அமைப்பையே 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியபோது, அதிக அழுத்தத்தைத் தாங்க எஃகையே மேம்படுத்த வேண்டியிருந்தது. அங்கே கூடிய அழுத்தம் ஆயிரம் கிலோகூட இல்லை.