விளையாட்டு விமானமும் வரலாற்றுச் சுவடும்

மண்ணுள் மறைந்து கிடக்கும் பண்டைய ஆக்கங்களை மண்மீது நின்று காண்டல் அரிது. விண்ணில் நின்று காண்டல் எளிது. முரண்போலத் தோன்றும் இவ்வுண்மையே வான்வழிப் புதைபொருளாராய்ச்சிக்கு அடிப்படையாகும். முன்னாளில் வெட்டப்பட்ட அகழி தூர்ந்த பின்னரும் ஆங்கு மண் ஆழமாயும் ஈரமிக்கதாயும் இருக்கும். ஆதலின் வறட்சிக் காலத்தில் அதன்மேல் வளரும் பயிர் பசுமை குன்றாது நிற்கும். புதையுண்ட சுவரின்மேல் நிற்கும் பயிரோ முந்தி வாடும். இந்நிறவேறுபாடே மேலிருந்து நோக்குவார்க்குக் கோடாகவும் வட்டமாகவும் புலப்படுகின்றது.

1906 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹென்ஜ் கற்றூண்கள் பலூனிலிருந்து படமெடுக்கப்பட்டன. 1928 இல் குரோபோட், கீலர் என்னும் இருவர் 'வானிலிருந்து வெசெக்ஸ்' என்ற நூலை வெளியிட்டு இம்முறைக்கு ஆராய்ச்சித் தகுதியை அளித்தனர். அந்நாளில் விமானம் படையினருக்கும் செல்வருக்குமே எட்டியது. இன்றோ, வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறு விமானங்களைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோரும் இப்பணியிற் புகுந்துள்ளனர். விளையாட்டுக் கருவி அறிஞரை வென்றதென மகிழ்வோர் ஒருபுறம். விளையாட்டுத்தானேயென இகழ்வோர் மறுபுறம். இருசாராரும் ஆராயாது கூறினர் என்பதே எமது துணிபு.

அயர்லாந்து நாட்டின் போயின் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நியூகிறேஞ்ச் என்னும் தொன்மைக் கல்லறை அமைந்துள்ள நிலப்பகுதி 1993 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது; அறிஞர் பலர் நெடுங்காலம் ஆராய்ந்தது. எனினும், 2018 யூலை மாதத்துக் கடும் வறட்சியில், அந்தோனி மேர்பி, கென் வில்லியம்ஸ் ஆகியோர் தம் ட்ரோன்களைப் பறக்கவிட்டபோதே, ஏறத்தாழ 150 மீற்றர் விட்டமுடைய பெருவட்டமொன்று விளைநிலத்திற் புலனாயிற்று. இத்தகைய குறிகள் சின்னாளே நிலைப்பன. மழை பெய்யின் மறைவன. வாடகை விமானம் அந்நாளை எதிர்பார்த்து நாடோறும் பறத்தல் இயலாது. ஆர்வலரோ கருதிய பொழுதிலேயே ஏவுதல் கூடும். எனவே, சிறு விமானத்தின் சிறப்பு அதன் மலிவன்று. உற்ற காலத்தில் உற்ற இடத்தில் இருத்தலே.

எனினும் குறைகளையும் மறைத்தல் தகாது. படம் வடிவத்தைக் காட்டும், காலத்தைக் காட்டாது. 1925 இல் இன்சால் என்னும் விமானி வானிலிருந்து கண்ட உட்ஹென்ஜ், 1926 முதல் 1929 வரை நிகழ்ந்த அகழ்வில் தூண்குழிகள் வெளிப்பட்ட பின்னரே மரத்தூண் வட்டங்களின் எச்சமெனத் தெளியப்பட்டது. மேலும், குறி தோன்றாமை சின்னம் இன்மைக்குச் சான்றாகாது. மண்ணும் பயிரும் பருவமும் ஒத்துவராவிடத்து நிலம் வாய்திறவாது.

இடம், நாள், உயரம், அளவு ஆகியன குறிக்கப்படாத படம் கண்ணுக்கு விருந்தேயன்றி ஆராய்ச்சிக்குச் சான்றாகாது. ஒன்றன்மேலொன்று படியுமாறு எடுக்கப்பட்டு, தரையில் அளந்த புள்ளிகளோடு பொருத்தப்பெற்ற படங்களோ நிலப்படமாக உயரும். அன்றியும், கண்ட இடத்தை உரிய திணைக்களத்துக்கு அறிவிக்குமுன் ஊரறியப் பரப்புதல் புதையல் தேடுவோர்க்கு வழிகாட்டுதலாய் முடியும். ஒருகாற் கெட்ட மண்ணடுக்கை மீண்டும் அமைத்தல் எவராலும் இயலாது. ஆகவே ஆர்வலரை அறிஞர் இகழாது பயிற்றுக. ஆர்வலரும் படத்தோடு பொறுப்பையும் ஏற்க.