பங்காளியும் பார்ட்னரும்

ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற நிறுவனங்கள் சாப்பாடு கொண்டுவருகிறவரை 'டெலிவரி பார்ட்னர்' என்கின்றன. தமிழில் பார்ட்னர் என்றால் பங்காளி. சொத்தில் பங்கு உள்ளவன். பங்கு இருப்பதாலேயே சண்டை போடவும் உரிமை உள்ளவன். பங்காளிச் சண்டைன்னு சும்மாவா சொன்னார்கள்? இந்தப் பார்ட்னருக்கோ இரண்டும் கிடையாது. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, விழுந்தால் முறிகிற எலும்பும் அவருடையது. செயலி மட்டும் வேறொருவருடையது. ஒரு நடைக்கு எவ்வளவு, யார் கணக்கை முடக்குவது என்பதெல்லாம் அதற்குள் விதியாக எழுதப்பட்டிருக்கிறது. பழைய முதலாளியிடம் முகம் பார்த்தாவது கேட்கலாம். இங்கே யாரைப் போய்க் கேட்பது?

2016இல் டேக் ஈட் ஈஸி என்ற பெல்ஜியம் நிறுவனம் திவாலானபோது, அதற்கு சைக்கிளில் சாப்பாடு சுமந்தவர்கள் செய்த வேலைக்கே கூலி கிடைக்காமல் நின்றார்கள். அந்தச் சூழலில் பிரான்சில் உருவானது கூப்சைக்கிள். மென்பொருள் பொது, பல ஊர்களின் சிறு கூட்டுறவுகள் அதை வைத்துத் தொழில் செய்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் உரிமம். நிரலை யாரும் படிக்கலாம். அதைக் கொண்டு வியாபாரம் செய்வதென்றால் தொழிலாளர் கூட்டுறவாக இருக்க வேண்டும். காப்பிலெஃப்ட் என்ற சொல்லைத் திருகி இதற்குக் கூப்பிலெஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். எல்லோருக்கும் திறந்திராதது கட்டற்ற மென்பொருள் ஆகாது என்பது மறுதரப்பின் கட்சி. நான் சைக்கிள்காரர்கள் பக்கம். எல்லோருக்கும் திறந்த வீட்டில் மாடி கட்டிக்கொள்பவர் பணமுள்ளவர்தான். லினக்ஸ் மேல் கூகிள் கட்டிய ஆண்ட்ராய்டு நம் சட்டைப்பையிலேயே கிடக்கிறது.

'கூட்டுறவா, அதான் பார்த்தோமே' என்று நண்பர்கள் உதட்டைப் பிதுக்கலாம். நம்மூரில் அது ரேஷன் கடை, நகைக்கடன், தேர்தல் நடத்தாமல் உட்காரவைத்த தனி அலுவலர். இந்த அலுப்பு நியாயமானதே. ஆனால் அது அரசு கைப்பற்றிய கூட்டுறவு.

கமிஷன் குறையும் என்று மட்டும் சொல்லி இதை விற்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முதலீட்டாளர் பணத்தை எரித்துக் கம்பெனியும் கொஞ்ச நாள் கமிஷனைக் குறைக்கும். விதியை ஓட்டுபவர்களின் வாக்குக்கு விடுவதுதான் அதனால் ஆகாது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவருக்கு மூன்றாம் நாள் ஆர்டர் குறையலாமா? மழையில் போனால் எவ்வளவு கூடுதல்? இதைக் கூட்டத்தில் கத்தித் தீர்க்க வேண்டும். கோஷ்டி சேரும், நேரம் போகும். போகட்டும்.

என் தயக்கம் வேறு. இங்கே அப்படியொரு கூட்டம் கூடினால் தலைவர் நாற்காலி எந்தச் சாதிக்குப் போகும்? ஆளுக்கொரு வாக்கு என்பது மட்டும் இதைத் தீர்த்துவிடாது. கூப்பிலெஃப்ட் உரிமத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.