பரபக்கம் அறியாப் பிரசாரம்

தாம் மெய்யெனத் தெளிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் எச்சமயத்தார்க்கும் உரியதே. ஆயின், கேட்போர் கொண்ட கொள்கை யாதென அறியாது உரைத்தல் பயனில் செயலாம். கிறித்தவப் பிரசாரகருட் பலர் கைக்கொள்ளும் முறை இக்குறையுடைத்து என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

19-ஆம் நூற்றாண்டிலே பாதிரிமார் திருவிழாக் கூட்டங்களை நாடிச் சென்று, துண்டுப் பிரசுரம் வழங்கி, கல்லை வணங்குதல் பாவம் என்றும், இன்றே விசுவசிக்க என்றும் சிறிது பொழுது பேசிப் பெயர்வது வழக்கம். கச்சி போலும் கோயில் நகரங்கள் அதற்கு ஏற்ற களங்களாயின. அம்முறை இன்றும் முற்றும் ஒழிந்திலது.

இதன்கண் குறை இரண்டு. சைவர் கல்லையே கடவுளென்பாரல்லர். எங்கும் மறைந்து நிறைந்த பதி, அன்பர்பொருட்டுத் திருவுருவின்கண் விளங்கி நிற்பன் என்பதே அவர் துணிபு. இதனை அறியாதார் கூறும் மறுப்பு, இல்லாத கொள்கைக்கு மறுப்பாய் முடியும். இனி, பாவம் என்னும் சொல்லை நோக்குக. கிறித்தவர்க்கு அது மனிதன் இறைவனாணையை மீறியதனால் வந்தது. சைவர்க்கோ உயிரின் மூலநோய் அநாதியாகிய ஆணவமலம். பாவமும் புண்ணியமும் அதன்பின் வரும் கன்மத்தின்பாற்படும். நோய் வேறாகக் கொண்டானுக்கு மருந்தை மட்டும் கூறிச் செல்லுதலாற் பயனென்னை? கோர்வை பிடியாத கரை சேலையோடு நில்லாமை கச்சி நெசவாளர் அறிவர்.

மதம் மாறுதலை அறிவின்பாற்பட்டதாகக் காட்டும் வரலாறு கச்சிக்கே உண்டு. சாக்கிய நாயனார் பிறவி நீங்கும் நெறி தேடிக் கச்சியடைந்து, புத்தநூல்களைக் கற்று ஆராய்ந்த பின்னரே, திருவருளாற் சிவநெறியே மெய்யெனத் தெளிந்தார். அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியார் பரபக்கத்துள் பதினான்கு மதங்களையும் அவ்வவர் வாய்மொழியாக முன்னிறுத்திப் பின்னரே மறுத்தார்.

கிறித்தவருள்ளும் ஆழ்ந்து கற்றார் இலரல்லர். 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க் தென்னாட்டுத் தெய்வங்களைப்பற்றி 1713-இல் ஒரு நூல் எழுதினார். அவர்தம் மேலோர் அதனை அச்சிட விரும்பாமையின், 1867-இலேயே அது சென்னையில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹாய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854-இல் வெளியிட்டார். போப்பையர் திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இல் வந்தது. இவர்கள் தம் சமயத்தை விட்டாரல்லர். எனினும் நம்மவர் இவரை நன்றியுடன் நினைக்கின்றனர். துண்டுப் பிரசுரம் தந்தாரை நினைவார் யார்?

பெர்சிவலோடு விவிலியத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், 1854-இல் சைவதூஷணபரிகாரம் எழுதியபோது, சைவர்மேற் கூறப்பட்ட பழிகட்கு அவ்விவிலியத்தினின்றே விடை காட்டினார். அந்நூலை நன்கு கற்றமையே அவர்க்கு வலியாயிற்று.

ஆதலின், அன்பர்காள், பிரசாரகரை வெகுளுதலும், அவர் தாளைக் கிழித்தெறிதலும் நமக்குத் தகா. பதி பசு பாச இலக்கணத்தை நம் வீட்டுச் சிறுவர் சொல்லவல்லரா என்பதே நாம் வினவற்பாலது. தன் சமயம் அறியானை எத்துண்டுத்தாளும் அசைக்கும். அறிந்தானோ, தக்காரொடு அமர்ந்து பேசவும் வல்லனாவன்.