திட்டமும் பட்டறையும்

2018இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய ஏற்றுமதித் திட்டம் 2022 வரைக்குரியது. மின்னணு உறுப்புகள், படகு கட்டுதல் எனப் புதிய கைத்தொழில்களுக்கு அது முதலிடம் தந்தது. அது முடிவடைய வேண்டிய ஆண்டிலேயே, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென நாடு கைவிரித்தது. எனினும் நான் சொல்ல வரும் குறை கடனைப் பற்றியதன்று, தொழிலாளியைப் பற்றியது.

இயந்திரம் செய்வது கண்டிக்குப் புதிதன்று. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1872இல் கொழுந்து உருட்டும் இயந்திரமொன்றைத் தாமே அமைத்தார். 1880இல் ஜோன் வோக்கர் கம்பனி கண்டியிலேயே அத்தகைய இயந்திரத்தைச் செய்தது. அக்காலத்து இயந்திரங்களை ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் இன்றும் துடைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றை இயக்கிய தமிழ்த் தொழிலாளரின் சந்ததியையோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை கிட்ட 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தனைக்கும் பிறகு 'திறன்மிக்க ஊழியப்படை எங்கே?' என்று தேடுகிறார்கள் நம் திட்டக்காரர்கள்!

2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பாடத்துறை தொடங்கப்பட்டது. நல்ல முயற்சியே. ஆயினும் கலகெதரப் பக்கத்துத் தமிழ்மொழி மாணவன் எம்மிடம் கேட்பது இது: "சேர், தமிழில் படிப்பிப்பார்களா? பட்டறை எங்கே இருக்கிறது?" பல்லேகலையில் கைத்தொழிற் பேட்டை உண்டு, பேராதனையில் 1964 முதல் பொறியியற் பீடம் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே, பல்கலைக்கழகம் புகாத அந்த மாணவன் தன் மொழியில் கடைசல் இயந்திரத்தைத் தொட்டுப் பழகுவதற்கு ஓரிடம் வேண்டும். அது எந்த ஊரில், எந்த ஆண்டுக்குள், எத்தனை தமிழ்ப் போதனாசிரியர்களோடு அமையும் என்பதையே அடுத்த திட்டத்தின் முதற் பக்கத்தில் நாம் தேடுவோம்.