வில்லி லோமனின் தோல்வி

ஆர்தர் மில்லர் இயற்றிய 'ஒரு விற்பனையாளனின் மரணம்' என்னும் நாடகம் 1949ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் நியூயார்க்கு நகரில் அரங்கேறியது. அதன் தலைவன் வில்லி லோமன், ஊர்தோறும் சென்று பண்டம் விற்று 63 அகவை எய்தியவன். பொருள் ஒன்றையே போற்றும் அமெரிக்கச் சமுதாயமே அவனைக் கொன்றது என்பர் ஒரு சாரார். இக்கூற்று முற்றும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அவர்தம் கூற்றுக்குச் சான்று இல்லாமல் இல்லை. வில்லி 30 ஆண்டுகட்கு மேல் உழைத்த நிறுவனத்தின் இளைய உரிமையாளன் ஹோவர்டு. அலைச்சலற்ற வேலை வேண்டி வந்து நிற்கும் முதியவனுக்கு, புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் வீட்டாரின் குரலைக் கேட்பித்து மகிழ்கின்றான். பின்னர் அவனை வேலையினின்றும் நீக்கிவிடுகின்றான். இக்கொடுமையை நாம் மறுக்கவில்லை.

ஆயின், அதே சமுதாயத்தில், அடுத்த வீட்டிலேயே சார்லியும் அவன் மகன் பெர்னார்டும் வாழ்கின்றனர். பிறர் விருப்பத்தைக் கவர்வதே வெற்றிக்கு வழி எனத் தன் மக்களுக்குக் கற்பித்த வில்லி, கல்வியில் கருத்தூன்றிய பெர்னார்டை எள்ளினான். அப்பெர்னார்டோ வழக்கறிஞனாகி, உச்ச நீதிமன்றத்தில் வழக்காடப் புறப்படும் நாளிலும் அதனைத் தன் வாயால் கூறினானல்லன். சமுதாயம் ஓர் அளவுகோலை நீட்டியது உண்மை. அதனை வாங்கித் தன்னையும் தன் மக்களையும் அளந்தவன் வில்லியே.

சார்லியிடம் வாரந்தோறும் 50 டாலர் கடன் பெற்று, அதனைத் தன் ஊதியமென மனைவி லிண்டாவிடம் காட்டுகின்றான் வில்லி. எனினும், அச்சார்லி மனமுவந்து அளிக்கும் வேலையை மட்டும் ஏற்க மறுக்கின்றான். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு நிலைக்களம் என்பர் தொல்காப்பியர். வில்லியின் துயருக்கு முதற்காரணம் வறுமை அன்று. வறுமையைத் தீர்க்கும் வழி எதிரே நின்றது. அவனைத் தடுத்தது இளிவச்சமே.

அவன் சுமந்து திரிந்த பெட்டிகளில் இருந்த பண்டம் யாது என மில்லர் யாண்டும் கூறவில்லை. இஃது எண்ணத்தக்கது. வில்லி விற்க முயன்றது தன்னையே. இறுதியில் 20,000 டாலர் காப்புறுதித் தொகைக்காக உயிரையும் விலையாக்கினான். தன் கையால் வீட்டுப் படிகள் கட்டிய நாட்களில் அவன் மகிழ்ந்திருந்ததை, அவன் இறந்தபின் மூத்த மகன் பிஃப் நினைவுகூர்கின்றான். அக்கைத்திறனை வில்லி ஒருநாளும் வெற்றியெனக் கருதினானல்லன்.

எளிய மனிதனும் துன்பியல் தலைவனாதற்கு உரியன் என மில்லர் அதே ஆண்டில் கட்டுரை வரைந்தார். வெறும் பலிப்பொருளாயின் வில்லிக்கு அத்தகுதி வாய்க்காது. தானே தேர்ந்து தவறியமையால்தான் வாய்க்கின்றது. தேர்வு உண்டு என்பதற்கு அவன் மக்களே சான்று. தான் பெரியனல்லன் எனும் உண்மையை ஏற்கும் பிஃப் மயக்கினின்றும் விடுபடுகின்றான். இளையவன் ஹேப்பியோ தந்தையின் கனவை நிறைவேற்றுவேன் என அவன் புதைகுழியருகே நின்று சூளுரைக்கின்றான். வில்லியின் தோல்வி அவனோடு முடியவில்லை என்பதே இந்நாடகத்தின் பேரவலம் எனத் துணியலாம்.