வானலையும் மக்களும்

இலக்கிய விமர்சனம் என்பது அச்சேறிய நூல்களை ஆராய்வதோடு அமைவது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் நுணுகி நோக்கும் நமது விமர்சகர்கள், நூலொன்றைக் கையிலெடுக்கும் வாய்ப்பில்லாத பல்லாயிரக்கணக்கான மக்களின் ரசனையையும் சிந்தனையையும் பல்லாண்டுகளாக உருவாக்கி வந்த வானொலியை அதிகம் பொருட்படுத்தினாரல்லர். வானொலி பொழுதுபோக்குச் சாதனம். அதற்கும் இலக்கியத்திற்கும் தொடர்பில்லை என ஒதுக்கிவிட்டனர். இஃது ஏற்கத்தக்கதன்று. ஒரு படைப்பு மக்களைச் சென்றடையும் வழி எவருடைய கையில் இருக்கின்றதோ, அவரே எது கலை, எது செய்தி, எது சிந்திக்கத்தக்கது என்பவற்றையும் பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றார். ஆதலின் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய ஆராய்ச்சி விமர்சனத்திற்குப் புறம்பானதாகாது.

இச்சாதனங்களைப் பற்றி இருவகையான கருத்துகள் நிலவுகின்றன. விஞ்ஞானம் தந்த புதிய கருவி எதுவாயினும் அது தானாகவே மக்களுக்கு அறிவையும் விடுதலையையும் கொண்டுவரும் என்பது ஒன்று. கருவியே பண்பாட்டைச் சீரழிக்கின்றது என்று புலம்பிப் பழங்காலத்தை எண்ணி ஏங்குவது மற்றையது. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் இவ்விரண்டிலும் உள்ள பிழை ஒன்றே. சமுதாய உறவுகளுக்குரிய ஆற்றலைக் கருவியின்மீது ஏற்றிக் கூறுவதே அப்பிழை.

வானொலியின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. கம்பியில்லாத் தந்தியின் தொடக்க காலத்தில் செய்தியை அனுப்புவதும் பெறுவதும் ஒருங்கே நிகழ்ந்தன. கடலிற் சென்ற கப்பல்களும், ஆர்வத்தாற் கருவி செய்து பழகிய இளைஞர்களும் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறினர். பேசுவோர் சிலர், கேட்போர் பலர் என்னும் பிரிவு மின்காந்த அலையின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. கேட்கும் பெட்டியை மட்டும் விற்பது கம்பனிகளுக்கு இலாபந் தந்தது. பேசும் உரிமையை அனுமதிப்பத்திரத்துக்குள் அடக்குவது அரசுகளுக்கு வசதியாயிற்று. 1922ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் தொலைபேசிக் கம்பனியொன்றின் நிலையம் ஒலிபரப்பு நேரத்தை விலைக்கு விற்று விளம்பரஞ் செய்யத் தொடங்கிற்று. அதே ஆண்டில் பிரித்தானியாவில் வானொலிப் பெட்டி தயாரித்த கம்பனிகள் கூடி பி.பி.சி.யை அமைத்தன. 1927இல் அது அரச சாசனம் பெற்ற கூட்டுத்தாபனமாயிற்று. விளம்பரதாரர், அரசு என்னும் இரு எசமானரும் வானொலியின் குழந்தைப் பருவத்திலேயே அதன் அருகில் வந்து நின்றனர்.

இந்நிலையை அக்காலத்திலேயே நன்குணர்ந்த கலைஞர் ஒருவர் உண்டு. ஜேர்மனிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் எழுதிய கட்டுரையொன்றில், வானொலி விநியோகக் கருவியாக மட்டும் இருப்பதை மாற்றி, கேட்போனைப் பேசவும் வைக்கும் மெய்யான தொடர்புக் கருவியாக அதனை ஆக்கல் வேண்டும் என்று வாதிட்டார். நடைமுறையிலிருந்த சமுதாய அமைப்பில் இது கைகூடாதென்பதையும் அவர் அறிந்தேயிருந்தார். அடுத்த ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். 'மக்கள் வானொலி' என்ற பெயரில் 76 மார்க் விலைக்கு மலிவான பெட்டிகள் விற்கப்பட்டன. 1939 செப்ரெம்பரில் பிறநாட்டு நிலையங்களைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கருவி வீடுதோறும் பரவுவது வேறு. கருத்துச் சுதந்திரம் பரவுவது வேறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இனி நமது நாட்டின் அனுபவத்தை நோக்குவோம். கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925 டிசெம்பரில் ஆகும். அது தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர்களின் முயற்சியாற் பிறந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தென்கிழக்காசியாவில் நின்ற நேசநாட்டுப் படைகளுக்கென வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பு நிலையம் இங்கு அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஏகாதிபத்தியத்தின் யுத்தத் தேவைக்காக எழுந்த நிலையம், சில ஆண்டுகளுள் பற்பசையும் சவர்க்காரமும் விற்கும் கருவியாக மாறியமை சிந்திக்கத்தக்கது.

அயல்நாடான இந்தியாவில் நிகழ்ந்த மாற்றமொன்று இவ்வர்த்தக ஒலிபரப்புக்குப் பேருதவி புரிந்தது. 1952இல் அங்கு தகவல், ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் கீழ்த்தரமானவை, மேனாட்டுக் கலப்புடையவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் நேரம் குறுக்கப்பட்டது. படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் என்று அதனையும் நிறுத்தினர். படத் தயாரிப்பாளர்களுக்கும் வானொலிக்கும் பிணக்கு முற்றித் திரைப்பாடல்கள் ஏறக்குறைய முற்றாகவே மறைந்தன. சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டு மக்கள் திருந்துவர் என எதிர்பார்க்கப்பட்டது. மக்களோ பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினர். பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டுக் கொழும்பிலிருந்து ஒலிபரப்பான அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' 1952இல் தொடங்கி வட இந்தியா எங்கும் புகழ் பெற்றது. தமிழ்ப் பகுதியில் மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் தமிழகத்தின் தேநீர்க் கடைகளில் ஒலித்தது. 1957இல் 'விவித் பாரதி' என்னும் புதிய சேவையைத் தொடங்கி, தான் விலக்கிய பாடல்களைத் தானே மீண்டும் ஏற்கவேண்டிய நிலை இந்திய வானொலிக்கு ஏற்பட்டது.

இந்நிகழ்ச்சியை மக்களின் வெற்றி என்று கொண்டாடுவோர் உளர். ஓரளவிற்கு அஃது உண்மையே. இசையின் தரத்தை அமைச்சரின் ஆணையால் உயர்த்த இயலாது. மக்களின் வாழ்வை மாற்றாமல் அவர்களது ரசனையை மட்டும் மாற்ற முற்படும் மேட்டுக்குடி மனப்பான்மைக்குக் கிடைத்த தோல்வி அது. எனினும் நுணுகி நோக்குமிடத்து மக்களுக்குக் கிடைத்த உரிமை மிகவும் குறுகியதே என்பது புலனாகும். அரசு, உனக்கு நல்லது எதுவென நான் அறிவேன் என்றது. பற்பசைக் கம்பனி, உனக்கு விருப்பமானதையே தருவேன் என்றது. அவ்விருப்பமோ ஏற்கெனவே திரைப்பட முதலாளிகளாற் சந்தைக்கு விடப்பட்ட பொருள்களிடையே ஒன்றைத் தெரிவு செய்வதாகும். இருவரும் கேட்போனைக் கேட்போனாகவே வைத்தனர். 'நேயர் விருப்பம்' போன்ற நிகழ்ச்சிகளில் தபாலட்டை அனுப்பியவரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. தம் பெயரைக் கேட்கக் குக்கிராமங்களில் மக்கள் காத்திருந்தனர். இதனை அற்பமென இகழ்தல் தகாது. தமது இருப்பும் உலகுக்குத் தெரிதல் வேண்டும் என்னும் வேட்கையின் வெளிப்பாடு அது. ஆனால் அவ்வேட்கைக்கு அளிக்கப்பட்ட இடம் ஒரு பெயரின் அளவே.

படைப்பிலக்கியத்தைப் பொறுத்தவரை வானொலி ஈழத்துத் தமிழுக்குச் செய்த நன்மை ஒன்றுண்டு. அது பேச்சுமொழிக்குக் கிடைத்த மதிப்பு. செவிக்கு மட்டுமே உரிய நாடகத்தில் மாந்தரை மொழியாலன்றி வேறெதனாலும் வேறுபடுத்த இயலாது. 'லண்டன் கந்தையா' போன்ற நாடகங்கள் யாழ்ப்பாணத்து வழக்கை வானலையில் ஏற்றின. பின்னர் 'கோமாளிகள்' நிகழ்ச்சியில் மரிக்காரும் உபாலியும் ஐயரும் அப்புக்குட்டியும் தத்தம் பேச்சு வழக்கோடு ஒரே இடத்தில் உரையாடினர். 1976இல் அது திரைப்படமுமாயிற்று. புனைகதையில் வழக்குமொழி புகலாமா என்று அறுபதுகளின் முற்பகுதியில் மரபு பற்றிய பெருஞ் சர்ச்சை நிகழ்ந்ததை நாம் அறிவோம். பண்டிதர்கள் தடுத்த வழியைச் செவிப்புலக் கலை தன் தேவையாலேயே திறந்துவிட்டது. ஆயினும் இங்கும் ஓர் எல்லை இருந்தது. வழக்குமொழி பெரும்பாலும் நகைச்சுவைக்கே உரியதாயிற்று. சிரிக்கவைக்கும் மனிதன் தன் மொழியிற் பேசினான். செய்தியும் சட்டமும் உயர்ந்த சிந்தனையும் வேறு மொழியில் வந்தன. தோட்டத் தொழிலாளியோ மீனவனோ தன் மொழியில் தன் கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் தானே வந்து பேசும் நிலை இதனாற் பிறக்கவில்லை.

அவ்வாறான நிலை ஒருபோதும் சாத்தியமன்று என்று சிலர் கூறலாம். இரு நாடுகளின் வரலாறு அவர்களுக்கு மறுமொழியாக அமைகின்றது. பொலிவியாவின் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் பிற்பகுதி முதல் தமது கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கித் தொழிற்சங்க வானொலி நிலையங்களை அமைத்தனர். கெச்சுவா, அய்மாரா மொழிகளும் அவற்றில் ஒலித்தன. சங்கக் கூட்டத்துச் செய்தியும், சுரங்கத்து விபத்தும், காணாமற்போன பொருளும், பாட்டும் ஒரே ஒலிவாங்கியில் இடம்பெற்றன. இராணுவ ஆட்சிகள் அந்நிலையங்களைத் தாக்கியமையே அவற்றின் வலிமைக்குச் சான்றாகும்.

அல்ஜீரியாவின் அனுபவம் வேறு வகையானது. அதனைப் பிரான்ஸ் பனோன் 1959இல் வெளியான தமது நூலில் விளக்கியுள்ளார். அங்கு வானொலி பிரெஞ்சு ஆட்சியாளரின் குரலாக இருந்தவரை அல்ஜீரிய மக்கள் அதனைத் தம் வீட்டிற்குள் விடவில்லை. 1956இன் இறுதியில் விடுதலைப் போராளிகளின் நிலையம் ஒலிபரப்புத் தொடங்கியதும் கடைகளிலிருந்த பெட்டிகள் சில வாரங்களுள் விற்றுத் தீர்ந்தன. ஆட்சியாளர் அலையைக் குழப்பி ஒலியைச் சிதைத்தனர். ஒருவர் காதைப் பெட்டியோடு பொருத்திக் கேட்டதைச் சுற்றியிருந்தோருக்கு எடுத்துரைத்தார். கேட்காமற்போன இடங்களை அவர்கள் தாமே நிரப்பிக் கொண்டனர். முன்னர் அந்நியமாயிருந்த அதே பெட்டி மக்களுடையதாயிற்று. பெட்டியின் உள்ளே எதுவும் மாறவில்லை. அதனோடு மக்கள் கொண்ட உறவே மாறியது.

நம் நாட்டில் இவ்வுறவு எந்நிலையில் உள்ளது? 1966ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 1967இல் வானொலி கூட்டுத்தாபனமாயிற்று. எனினும் அதன் பணிப்பாளர் சபையை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரிடமே விடப்பட்டது. பெயர் மாறிற்று, பிடி தளரவில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து, பொதுநன்மைக்காகவே அரசு அவற்றைக் காத்துநிற்கின்றது என்னும் கொள்கையை ஏற்று, அரசின் பிடியிலிருந்து விடுபடாத அத்தகைய சபை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. இத்தீர்ப்பு நமது ஆசிரியர்களும் மாணவர்களும் பயிலவேண்டியதொன்று. நிலம் உழுபவனுக்கு என்று பேசிய நாம், வானலை எவருக்குரியது என்று போதிய அளவு கேட்டதில்லை.

இன்று கையடக்கத் தொலைபேசி பிரெக்டின் கனவை நனவாக்கிவிட்டது எனச் சிலர் மகிழ்கின்றனர். கேட்கும் ஒவ்வொருவரும் பேசவும் முடிகிறது என்பது மெய்யே. ஆனால் பேசியவற்றுள் எது பலருக்குக் காட்டப்படும், எது அமிழ்ந்துபோகும் என்பதை விளம்பர வருவாயை நோக்கமாகக் கொண்ட கம்பனிகளின் கணிப்பு முறைகள் தீர்மானிக்கின்றன. சினத்தையும் பகைமையையும் தூண்டும் சொல் அக்கணிப்பில் எளிதாக முன்னேறுகின்றது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிராக நிகழ்ந்த வன்முறையின்போது முகநூலில் வெறுப்புரைகள் தடையின்றிப் பரவின. அரசு பல நாள்களுக்குச் சமூக வலைத்தளங்களையே முடக்கிற்று. அக்கம்பனி தன் பங்குக்காக மன்னிப்புக் கோரியது 2020இலேயே. 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஆணைக்குழுவொன்றுக்கு வழங்கிற்று. விளம்பரதாரரும் அரசுமாகிய பழைய இரு எசமானரையே புதிய கருவியின் இருபுறத்திலும் நாம் காண்கின்றோம். கம்பனியின் அடங்காமையைக் காட்டி அரசு தன் தணிக்கையை நியாயப்படுத்துகின்றது. அரசின் தணிக்கையைக் காட்டிக் கம்பனி தன்னைச் சுதந்திரத்தின் காவலனாகக் காட்டிக்கொள்கின்றது. இவ்விருவருள் ஒருவரைத் தெரிவு செய்யும் கட்டாயம் நமக்கில்லை.

ஆகவே எந்தத் தொடர்புச் சாதனத்தை மதிப்பிடும்போதும் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். அதற்கான செலவை ஏற்பவர் எவர்? எதனை ஒலிக்கவிடுவது என்பதைத் தீர்மானிப்பவர் எவர்? கேட்பவர் மறுமொழி கூறவும், அம்மறுமொழி அதே அளவு தூரம் செல்லவும் வழியுண்டா? வகுப்பறையில் ஒரு செய்யுளை ஆராய்வது போலவே ஒரு செய்தியறிக்கையையும், ஒரு வானொலி நாடகத்தையும், தொலைபேசியிற் பரவும் ஒரு வதந்தியையும் இவ்வினாக்களைக் கொண்டு ஆராயும் பயிற்சியை மாணவர் பெறல் வேண்டும். எழுத்தாளர்கள் சாதனத்தை வெறுத்து ஒதுங்காது, அதில் உழைக்கும் மக்களின் மொழி நகைப்புக்கு மட்டுமன்றி நியாயத்துக்கும் ஒலிக்குமாறு செய்தல் வேண்டும். அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று நீதிமன்றம் ஏற்ற கொள்கை நடைமுறையாவதற்கு, தொழிற்சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் எழுத்தாளர் சங்கங்களும் இணைந்து குரல் கொடுத்தல் வேண்டும். முற்போக்கு விமர்சனத்தின் முன் இன்றுள்ள பணிகளுள் இது முதன்மையானது என்பதே நமது கருத்து.